காற்றைக் கேட்டுவிட்டு ராமேசுவரம் போங்கள்!

"அப்பா! எங்காவது போகலாம்!"

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டதும் வீட்டில் எழும் குரல் இது. அப்பா யோசிக்கிறார். ஊட்டியில் கூட்டம். கொடைக்கானலில் அறை வாடகை அதிகம்.

"ராமேசுவரம் போவோமே! சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கும். கடல் பார்த்த மாதிரியும் இருக்கும்" என்கிறார், அம்மா.

நல்ல யோசனைதான். ஆனால் நம்மில் பலர் ராமேசுவரத்துக்கு எப்படிப் போய் வருகிறோம்?

இரவு முழுவதும் வேனில் பயணம். விடியற்காலையில் கடலில் முழுக்கு. ஈரத் துணியோடு 22 தீர்த்தம். சாமி தரிசனம். அவசரமாக நாலு இட்லி. தனுஷ்கோடியில் அரை மணி நேரம். மறுபடியும் வேன்! வீடு வந்து சேரும்போது குழந்தைக்குச் சளி. அம்மாவுக்கு முதுகு வலி. துவைப்பதற்கு ஒரு மூட்டைத் துணி!

இதற்கு விடுமுறை என்று பெயரா?

ராமேசுவரம் வெறும் ஊர் அல்ல. அது ஒரு தீவு. பாம்பனில் தொடங்கி அரிச்சல்முனை வரை நீண்டு கிடக்கும் மணல் தீவு. இருபுறமும் கடல். இடைவிடாத காற்று. அங்கே ஒரு குடும்பம் இரண்டு இரவாவது தங்க வேண்டும். அப்படித் தங்கப் போகிறவர்கள், ரெயில் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால், காற்றை விசாரிக்க வேண்டும்.

ஆண் கடல், பெண் கடல்

காற்றையா விசாரிப்பது என்று சிரிக்காதீர்கள். அந்தத் தீவில் எல்லாவற்றுக்கும் காற்றுதான் எஜமான்.

தீவுக்கு வடக்கே இருப்பது பாக் நீரிணைக் கடல். மீனவர்கள் அதைப் "பெண் கடல்" என்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா. அது "ஆண் கடல்". பெண் கடல் ஆழம் குறைந்தது. பெரும்பாலும் சாந்தமாக இருக்கும். ஆண் கடல் ஆழமானது. அலை அடித்து முழங்கும்.

ஆனால் பெண்ணும் கோபப்படும் காலம் உண்டு! ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வீசும்போது வடகடல் பொங்கும். தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று. அப்போது தென்கடல் சீறும். வடகடல் சாந்தமாகிவிடும். ஆகவே எந்த மாதம் போகிறோமோ, அதற்குத் தக்கபடி எந்தக் கரையில் குழந்தைகளை விளையாட விடுவது என்பதும் மாறும். இதை உள்ளூர் மீனவர் ஒருவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வானொலியும் டெலிபோனும் சொல்லாததை அவர் சொல்வார்.

கச்சான் காற்று பலமாக வீசும் நாட்களில் தனுஷ்கோடி சாலையில் மணல் பறக்கும். கண்ணைத் திறக்க முடியாது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் புளிச்சோற்றில் பாதி மணல்! அம்மா முந்தின நாள் இரவெல்லாம் கண் விழித்துச் செய்த சோறு அது. எனவே சாப்பாட்டை ஊருக்குள்ளேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். இன்னும் சொல்லப்போனால், இரண்டு நாளைக்கு அம்மாவை அடுப்பங்கரைப் பக்கமே விடாதீர்கள். ஓட்டலில் சாப்பிட்டால் குடி முழுகிவிடாது.

எப்போது போகலாம்?

இங்கேதான் சிக்கல். பள்ளிக்கூடத்துக் காலண்டர் ஒன்று சொல்கிறது. காற்றின் காலண்டர் வேறொன்று சொல்கிறது.

மே மாத விடுமுறையில் வெயில் கொளுத்தும். மாதக் கடைசியில் கச்சானும் தொடங்கிவிடும். அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. அது புயலும் மழையும் வரக்கூடிய காலம்.

பொங்கல் கழிந்ததில் இருந்து மார்ச் வரையில்தான் தீவு நல்ல முகம் காட்டும். வெயில் இதமாக இருக்கும். தனுஷ்கோடிப் பக்கத்துச் சதுப்பு நீரில் பூநாரைகள் கூட்டமாக நிற்பதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் விட்டு அவை இரை தேடும் வேடிக்கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சனி, ஞாயிறோடு இன்னொரு நாள் சேர்த்துக்கொண்டால் போதும். அந்த ஒரு நாளுக்கு வகுப்பு ஆசிரியரிடம் லீவு கடிதம் கொடுங்கள். பொய்க் காய்ச்சல் வேண்டாம். "ராமேசுவரம் போகிறோம்" என்றே எழுதுங்கள். ஒரு நாள் பாடம் போனால் படித்துக்கொள்ளலாம்.

தை அமாவாசை எந்தத் தேதி என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று தீவே ஜனக் கடல்! அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்கு அது நாள் அல்ல.

அந்த இரவு

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்கு ஒரு பாசஞ்சர் ரெயில் புறப்பட்டது. நூற்றுக்கும் அதிகமான பயணிகள் அதில் இருந்தார்கள். புயல் காற்று. கொட்டும் மழை. தனுஷ்கோடியை நெருங்கியபோது பெரிய அலை ஒன்று எழுந்து ரெயிலையே விழுங்கிவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை.

தனுஷ்கோடி பட்டினமும் அதே இரவில் அழிந்தது. ரெயில் நிலையம், தபால் ஆபீஸ், தேவாலயம் எல்லாம் போயின. தலைமன்னாருக்குக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த துறைமுகம் போயிற்று. குடியிருக்கத் தகுதி இல்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது.

பாம்பன் ரெயில் பாலமும் உடைந்தது. 1914-ல் திறக்கப்பட்ட பாலம் அது. என்ஜினீயர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதைச் சீர்செய்து மறுபடியும் ரெயில் விட்டார்கள்.

இடிந்த தேவாலயத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே போட்டோ எடுக்கும்போது, அது என்ன இடம் என்று குழந்தைகளிடம் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காக அல்ல. கடலிடம் விளையாடக்கூடாது என்பது அந்தச் சுவரைப் பார்த்தால் தானாகப் புரியும்.

ஏனென்றால் ஆபத்து புயல் நாளில் மட்டும் இல்லை. 2017-ல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை போட்டுவிட்டார்கள். காரும் பஸ்சும் முனைக்கே போகின்றன. இரண்டு கடலும் சந்திக்கும் அந்த இடத்தில் நீரோட்டம் பலமானது. நேற்று இருந்த மணல் திட்டு இன்று இருக்காது. அங்கே குளிக்கத் தடை இருக்கிறது. அறிவிப்புப் பலகையும் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே சட்டையைக் கழற்றிவிட்டு இறங்குகிற இளைஞர்களையும் பார்க்கலாம்! "முழங்கால் அளவுதானே" என்று மகனின் கையை விடும் தகப்பனாரையும் பார்க்கலாம். குழந்தைகள் தண்ணீரில் ஆட வேண்டும் என்றால் ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கரைக்கே அழைத்துச் செல்லுங்கள். அங்கும் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

தனுஷ்கோடியில் இரவு தங்க முடியாது. இருட்டுவதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும். காலையிலேயே போவது நல்லது. கூட்டமும் இராது.

மணலுக்குள் தண்ணீர்

அங்கே வாழும் மீனவக் குடும்பங்கள் குடிதண்ணீர் எடுப்பதைப் பார்த்தால் உங்கள் வீட்டுக் குழந்தைகள் வாய் பிளப்பார்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டுகிறார்கள். நல்ல தண்ணீர் ஊறுகிறது! மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீருக்கு மேலே தங்கி நிற்கிறது. கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டால் உப்புக் கரிக்கும். அந்த அளவு அங்குள்ள பெண்களுக்குத் தெரியும்.

ஊருக்குள் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வீடு இருக்கிறது. அவருடைய தகப்பனார் ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல ஒரு படகு கட்டினார். அந்தப் படகையும் ஒரு புயல்தான் கொண்டுபோயிற்று. ரெயிலில் இருந்து வீசப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி எடுத்து வீடு வீடாகப் போட்ட சிறுவன்தான் பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனார். பத்திரிகை போட்ட பையன் என்பதில் நமக்கும் கொஞ்சம் பெருமை!

மூன்றாம் நாள் திரும்பும்போது, பகலில் பாலத்தைக் கடக்கும் ரெயிலாகப் பார்த்து ஏறுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம் அது. கப்பல் வந்தால், 72 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே மேலே உயர்ந்து வழிவிடும். பழைய பாலமோ இரண்டாகப் பிளந்து கை தூக்கி வழிவிட்டது. காற்று அளவுக்கு மேல் வீசினால் பாலத்தின் மேல் ரெயிலை விட மாட்டார்கள். அப்படி நிறுத்தினால் முணுமுணுக்காதீர்கள்.

ஜன்னல் ஓரத்துக்குக் குழந்தைகள் சண்டை போடுவார்கள். ஒரு பக்கத்து ஜன்னலை அவர்களுக்குக் கொடுங்கள். இன்னொரு பக்கத்து ஜன்னலில் அம்மா உட்காரட்டும்.