பெரியாஸ்பத்திரிக்கு எப்போது அனுப்புவது?

சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பணக்காரர் வீட்டு வியாதிகள் என்ற காலம் மலையேறிவிட்டது. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை வியாதி. களை பறிக்கும் பெண்ணும், நூற்பாலையில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் தோழரும் இக்கணக்கில் அடக்கம். பருப்புக்கும் காய்க்கும் வழியின்றிச் சோற்றையே தின்று வயிற்றை நிரப்புகிறவனுக்கு வேறென்ன வரும்?

இடுப்புச் சுற்று ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. ஆவது, ரத்த அழுத்தம் 130/85-ஐ எட்டுவது, வெறும் வயிற்றில் சர்க்கரை 100-ஐ எட்டுவது, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுவது, நல்ல கொழுப்பு குறைவது - இந்த ஐந்தில் மூன்று சேர்ந்துவிட்டால் டாக்டர்கள் 'மெடபாலிக் சிண்ட்ரோம்' என்கிறார்கள். வலி கிடையாது. அதனால்தான் நம்மவர்கள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

இவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும். எல்லோரையும் திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரிக்கு விரட்டுவது ஒரு நாள் கூலியைப் பறிப்பதாகும். 2021 ஆகஸ்டில் துவங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் மாத்திரை வருகிறதே என்று உட்கார்ந்துவிடலாமா?

மூன்று வகை மருந்து தின்றும் அழுத்தம் இறங்கவில்லையா? மாதக்கணக்கில் மருந்து தின்றும் சர்க்கரை கட்டுப்படவில்லையா? சிறுநீரில் புரதம் போகிறதா? பார்வை மங்குகிறதா? அங்கே நர்சம்மாவின் மாத்திரைப் பையால் தீராது. நிபுணரிடம் சீட்டெழுதி அனுப்பியாக வேண்டும். காலில் ஆறாத புண் இருந்தால் ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாது. வரப்பில் செருப்பில்லாமல் நடக்கும் கால் அது. மரத்துப்போனால் முள் குத்தியதுகூடத் தெரியாது. அழுத்தம் 180/110-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால் சீட்டுக்கும் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

சீட்டு கிடைத்தும் போகாதவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. அட்டையாவது இருக்கிறது, ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து இறங்கிவரும் விவசாயத் தொழிலாளிக்கு அன்றைய கூலியை யார் தருவார்? பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்துக்கு ஸ்பெஷல் பஸ் விடத் தெரிந்த சர்க்கார், சீட்டோடு வரும் நோயாளிக்குப் பஸ் செலவும் கூலியும் கொடுக்கட்டும். போளூருக்கும் செங்கத்துக்கும் மாதம் இரண்டு நாள் நிபுணரை அனுப்பட்டும்.