கம்பி இழுக்கிற வேலையா?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் மத்ரஸாவின் முன் விறாந்தையில் அமர்ந்திருந்தபோது, எமது தெருவைச் சேர்ந்த ஒரு தாய் தன் மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். பையன் எனக்குத் தெரிந்த பிள்ளைதான். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவன். மூன்று பாடங்களிலும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போதுமான இஸட் புள்ளி வரவில்லை.

"மௌலவி, இவன் கரண்ட் வேலை படிக்கப் போறானாம். நீங்க சொன்னா கேப்பான். எங்கட வாப்பா கச்சேரியில கிளார்க்கா இருந்து பென்சன் எடுத்தவர். அவர்ட பேரன் ஊரெல்லாம் கம்பி இழுத்துக்கிட்டுத் திரியிறதா? நாளைக்கு இவனுக்கு மாப்பிள்ளை கேட்டு யாரு வருவாங்க?"

பையனின் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கட்டாரில் இருக்கும் சாச்சா விசா எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேலை என்னவென்று கேட்டால், "போய்ப் பார்த்துக்கலாம்" என்பதுதான் பதில். இரண்டாவது, கூரைகளில் சோலார் பூட்டும் ஒரு நிறுவனம். நாளையிலிருந்தே வா, நாட்சம்பளம் தருகிறோம் என்கிறது. மூன்றாவது, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னியலாளர் பாடநெறி. பையன் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதை முடித்துவிட்டுத்தான் சோலார் பக்கம் போக வேண்டும் என்பது அவன் எண்ணம்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கைத்தொழிலின் சிறப்பைப் பற்றி நான் ஒரு பயான் செய்வேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். இரும்பைக் கையால் வளைத்துக் கவசம் செய்த நபி தாவூத் அலைஹிஸ்ஸலாம் அவர்களைப் பற்றி நீங்கள் போதியளவு கேட்டிருக்கிறீர்கள். கேட்டு முடித்து வீடு திரும்பி, பொறியியலாளர் மாப்பிள்ளையைத்தான் தேடுகிறோம். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். இந்த வேலை உண்மையில் என்ன என்பதை, எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்திலிருந்து சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டை எந்த இல்லத்தரசியும் மறந்திருக்க மாட்டார். அந்த மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. அப்போதுதான் எமது அரபுக் கல்லூரியின் நிருவாகமும் விடுதிக் கூரையில் சூரியப் படல்களைப் பூட்டத் தீர்மானித்தது. ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். இரண்டே நாளில் பூட்டி, புகைப்படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாமும் மகிழ்ந்தோம்.

ஐந்தாறு மாதம் கழித்து, பகல் பன்னிரண்டு மணியானால் இன்வேர்ட்டர் நின்றுவிடத் தொடங்கியது. விடுதியின் மேல்மாடியில் ரப்பர் கருகும் வாடை. நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தோம். "நாளை வருகிறோம்" என்றார்கள். மூன்று வாரம் நாளையாகவே கழிந்தது. கடைசியில், ஒரு காலத்தில் எம்மிடம் ஓதி, இடையில் விலகி மின்னியலாளரான ஒரு மாணவரை அழைத்தேன்.

அவர் வந்ததும் எதையும் தொடவில்லை. முதலில் பார்த்தார், மூக்கால் முகர்ந்தார். பிறகு கல்லூரிப் பக்கத்து மின்சாரத்தை நிறுத்தினார். அதன் பிறகுதான் கூரையிலிருந்து வரும் பக்கத்தை நிறுத்தினார். ஏன் இந்த ஒழுங்கு என்று கேட்டேன். "மௌலவி, வீட்டுக் கரண்ட் ஒரு செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்துக்கு வந்து போகும். அதால தீப்பொறி பறந்தாலும் அணைஞ்சி போகும். கூரையிலிருந்து வாறது நேரோட்டம். அது பூச்சியத்துக்கு வராது. ஓடிக்கிட்டிருக்கும்போது இழுத்துக் கழட்டினா நெருப்பு நீண்டு நிற்கும்" என்றார். ஒரு படல் ஏறக்குறைய நாற்பது வோல்ட் தருமாம். பத்தைத் தொடராகக் கோத்தால் நானூறு வோல்ட். எமது வீடுகளுக்கு வருவதே 230 வோல்ட்தான். வெயில் இருக்கும்வரை படலை நிறுத்தவும் முடியாது, அதற்குச் சுவிட்ச் சூரியனில்தான் இருக்கிறது என்று அவர் சிரித்தார்.

கூரையில் ஏறினார். எமது விடுதிக் கூரை அஸ்பெஸ்டஸ் தகடு. எங்கே மிதிக்க வேண்டும், எங்கே மிதித்தால் தகடு உடைந்து ஆள் உள்ளே விழுவார் என்பதை ஆணிகளின் வரிசையைப் பார்த்து அறிந்தார். இடுப்பில் பட்டி கட்டிக் கயிற்றையும் மாட்டிக்கொண்டார். முதலில் பூட்டிய பையன்கள் வெறுங்காலோடு, கயிறும் இல்லாமல் ஓடித் திரிந்ததைப் பார்த்து நான் திறமை என்று வியந்திருக்கிறேன்! கருகிய இணைப்பைக் கண்டுபிடித்தார். இரு வேறு கம்பனிகளின் இணைப்புகளை ஒன்றோடொன்று அழுத்திச் செருகியிருந்தார்கள். வெளியே பார்த்தால் பொருந்தியதுபோல்தான் இருக்கும். உள்ளே சரியாகப் பற்றாமல் சூடாகி உருகியிருந்தது.

அதைவிட என்னை உலுக்கிய விடயம் கீழே இருந்தது. கூரைச் சட்டங்களிலிருந்து சுவரோரமாக ஒரு பச்சைக் கம்பி இறங்கி மண்ணுக்குள் போகிறது. எர்த் கம்பி. மின்கசிவு ஏற்பட்டால் அதை நிலத்துக்கு இறக்குவது அதன் வேலை. மண்ணுக்குள் ஆழமாக அறையப்பட்ட செப்புக் கோலில் அது முடிய வேண்டும். மாணவர் அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்தார். ஒரு சாண் நீளம், வெங்காயத் தாளைப் பிடுங்குவதுபோல் கையோடு வந்துவிட்டது. அதன் முனையில் எதுவுமே இல்லை. மண்ணுக்குள் செருகி மண்ணால் மூடியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தச் சுவரோரம்தான் பிள்ளைகள் குளித்துவிட்டு ஈரச் சாரத்தைக் காயப்போடும் கம்பிக் கொடி இருந்தது.

சூரிய மின்சாரம் என்றதும் நாம் கூரையில் மின்னும் நீலக் கண்ணாடியைத்தான் நினைக்கிறோம். அந்தக் கண்ணாடியைத் தூக்கி வைப்பது எந்த இளைஞனுக்கும் ஒரு வாரத்தில் வந்துவிடும். மீதி முழுவதும் பழைய கரண்ட் வேலைதான். கம்பியின் தடிப்பு என்ன, எந்த மின்னோட்டத்துக்கு எந்த உடைப்பான், கசிவை எப்படி அளப்பது, வீட்டின் பழைய வயரிங் இந்தப் புதிய சுமையைத் தாங்குமா என்பதெல்லாம் அதில் அடங்கும். தென்னை ஓலையின் நிழல் ஒரு படலில் விழுந்தாலே அந்தத் தொடர் முழுவதும் சோர்ந்துவிடலாம் என்பதையும், கடற்காற்றின் உப்பு எந்த ஆணியை எத்தனை வருடத்தில் தின்னும் என்பதையும் கரையோரத்தில் இருக்கும் எமக்கு வேலை செய்பவன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அந்தப் பையன் பிடித்திருந்த ஒழுங்கு சரியானது. முதலில் மின்னியலாளர், பிறகு சோலார்.

இன்னுமொன்று. 2022இல் பலர் என்னிடம் குறைப்பட்டார்கள்: "கூரை நிறைய சோலார் இருக்கு, ஆனா ஊர்க் கரண்ட் போனா எங்கட வீட்டுலயும் கரண்ட் இல்லையே மௌலவி!" பெட்டரி இல்லாமல் ஊர்க் கம்பியோடு இணைத்த முறைகளை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கரண்ட் போனதென்று கம்பத்தில் ஏறி ஒருவர் வேலை செய்துகொண்டிருப்பார். உங்கள் கூரையின் மின்சாரம் அந்தக் கம்பிக்குள் திரும்பிப் போனால் அவர் கதி என்ன? அதனால் ஊர்க் கரண்ட் போன உடனேயே இன்வேர்ட்டர் தானாக நின்றுவிட வேண்டும். ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள பிளக்கில் செருகி வீட்டுக்கு ஓட்டும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கம்பத்தில் இருப்பவருக்கு அதுவும் அதே ஆபத்துதான். தயவுசெய்து நிறுத்துங்கள்.

வேலை நிலைக்குமா என்பது தாய்மாருக்கு இருக்கும் நியாயமான கேள்வி. 2010இல்தான் கூரை மின்சாரத்தைச் சபையின் கம்பிக்குக் கொடுத்துக் கணக்குத் தீர்க்கும் முறை இந்நாட்டில் வந்தது. 2016இல் 'சூரிய பல சங்கிராமய' தொடங்கியபோது அலகொன்றுக்கு முதல் ஏழு வருடங்களுக்கு 22 ரூபாய் என்றார்கள். பிறகு அந்த விலை ஏறியது, இறங்கியது. இன்று நாட்டின் கூரைகளில் மட்டும் ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் இருக்கிறது. நுரைச்சோலை அனல் நிலையம் முழுவதும் 900 மெகாவாட்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சூரியன் இரவில் இல்லை என்பதால் இரண்டும் சமமாகிவிடாது, அது வேறு கதை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் நாடே இருண்டதே, அன்று பகல் தேவை குறைவாகவும் சூரிய மின்சாரம் அதிகமாகவும் இருந்ததும் ஒரு காரணம் என்றார்கள். அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை நாட்களில், பிற்பகல் மூன்று மணி வரை உங்கள் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

இதனால் படல் பூட்டுவதை மட்டும் கற்றவனின் பிழைப்பு அரசாங்கத்தின் ஒரு சுற்றறிக்கையோடு ஆடும். விலை இறங்கிய மாதம் நிறுவனம் ஆட்களை நிறுத்தும். முழுத் தொழிலும் கற்றவன் அந்த மாதம் வீடு வயரிங் செய்வான், மோட்டார் கட்டுவான். அடுத்த வருடம் பெட்டரி பூட்டும் வேலை வந்தால் அதற்கும் முதலாவதாக நிற்பான். 2030இல் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழியில் பெறுவதென்பது அரசின் இலக்கு. அது முழுமையாகக் கைகூடுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் பாதி தூரம் போவதற்கே நிறையக் கைகள் வேண்டும்.

எங்கே படிப்பது? தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் இப்பாடநெறி உண்டு. முடிவில் கிடைப்பது தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ். ஏழு மட்டங்களில் மூன்றாம், நான்காம் மட்டங்கள் கைவினைஞருக்குரியவை. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். அதாவது இந்த வழி ஒரு முட்டுச்சந்து அல்ல, மேலே ஏணி இருக்கிறது. ஏற்கெனவே பல வருடம் வேலை செய்துவரும் உங்கள் கணவரோ நானாவோ சான்றிதழ் இல்லாமல் இருந்தால், அவர் கற்ற தொழிலைச் சோதித்து அதற்கே சான்றிதழ் வழங்கும் முறையும் உண்டு. கட்டாருக்குப் போவதானாலும் அந்தத் தாளோடு போகிறவர் மின்னியலாளர். தாளில்லாமல் போகிறவர் 'ஹெல்பர்'.

இதெல்லாம் ஆண் பிள்ளைகளுக்கா என்று ஒரு சகோதரி கேட்பார். இந்தியாவில் ராஜஸ்தானின் திலோனியா என்ற ஊரில் 1972இல் தொடங்கப்பட்ட 'வெறுங்கால் கல்லூரி' ஒன்று உண்டு. எழுத்தறிவில்லாத கிராமத்துப் பெண்களுக்கு, பேரப்பிள்ளை கண்ட பாட்டிமாருக்கும்கூட, சூரிய மின்சாரக் கருவிகளைப் பொருத்தவும் திருத்தவும் ஆறு மாதத்தில் கற்றுக்கொடுக்கிறார்கள். நிறத்தையும் அடையாளத்தையும் வைத்தே பாடம். ஆபிரிக்க நாடுகளிலிருந்தெல்லாம் வந்து படித்துப்போய்த் தம் கிராமங்களுக்கு விளக்கேற்றியிருக்கிறார்கள். எமது பெண் பிள்ளைகள் அஸ்பெஸ்டஸ் கூரையில் ஏற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சோலார் திட்டத்துக்கு வரைபடம் கீறுவது, கணக்கிடுவது, இன்வேர்ட்டரின் பதிவுகளைக் கணினியில் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது எல்லாம் மேசையில் அமர்ந்து செய்யும் வேலை. தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் எமது மகள்மாரிடம் இதை யாரும் சொல்வதில்லை.

அன்று விறாந்தையில் இவற்றில் பாதியைத்தான் சொல்லியிருப்பேன். அந்தத் தாய் முந்தானையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தார். கிளார்க் வாப்பாவும் மாப்பிள்ளைப் பேச்சும் வெளிக்காரணங்கள் என்று எனக்குப் பட்டது. கடைசியில் சொன்னார்:

"என்ட தம்பிய கரண்ட்தான் கொண்டு போச்சி மௌலவி. தண்ணி மோட்டாரத் தொட்டான். அவ்வளவுதான். இவனையும் அதுக்கிட்டயே அனுப்பச் சொல்றீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அதுவரை வாய் திறக்காமலிருந்த பையன்தான் தலையைக் குனிந்தபடி சொன்னான்: "மாமாட வீட்டுல ட்ரிப் சுவிட்ச் இருக்கல்ல உம்மா. இருந்திருந்தா கரண்ட் ஆள்ட உடம்புக்குள்ள கசியத் தொடங்கின உடனேயே விழுந்திருக்கும்."

அந்தச் சுவிட்சைப் பற்றி அவனே தாய்க்கு விளக்கினான். 30 மில்லி அம்பியர் கசிந்தாலே, கண்ணிமைப்பதற்குள் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய பொருள் அது. அதன் முகத்தில் 'டெஸ்ட்' என்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதை இடைக்கிடை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினால் 'டக்'கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் இருந்தும் இல்லாததுதான். அங்கிருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறோம் என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் இல்லை, நான் உட்பட.

தாய் எதுவும் சொல்லாமல் எழுந்து போனார். சம்மதமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ழுஹருக்கு முன் பையன் வந்தான். இரவு உம்மா கதிரை போட்டு ஏறித் தானே அந்தப் பொத்தானை அழுத்தினாராம். விழவில்லை. மூன்று தரம் அழுத்தினாராம். பிறகு இறங்கி, மேசையில் ஒரு கிழமையாகக் கிடந்த விண்ணப்பப் படிவத்தை எடுத்து, பாதுகாவலர் கையொப்பம் என்ற இடத்தில் ஒப்பம் வைத்திருக்கிறார். படிவத்தோடு ஒரு செய்தியும் எனக்கு வந்தது: கரண்ட் வேலைக்குப் போடும் தடித்த ரப்பர் சப்பாத்து எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று மௌலவி விசாரித்துச் சொல்ல வேண்டுமாம்.