மிக்ஸியை நெருப்பில் போட்ட படம்

போன தடவை நெல்லிக்காய் ஊறுகாய் பற்றி எழுதியவள் இந்தத் தடவை சினிமாவுக்குத் தாவிவிட்டாளே என்று முகம் சுளிக்காதீர்கள், சகோதரிகளே. நான் சொல்லப் போகும் சினிமாவில் நம் அடுப்படிச் சாமானும் நடித்திருக்கிறது!

படம் 'சர்கார்'. 2018 தீபாவளிக்கு வந்தது. ஏ.ஆர்.முருகதாஸ் டைரக்ஷன், விஜய் கதாநாயகன். அமெரிக்காவில் பெரிய கம்பெனித் தலைவராக இருப்பவர், ஓட்டுப் போடுவதற்காக விமானம் ஏறிச் சென்னைக்கு வருகிறார். வந்து பார்த்தால், அவர் ஓட்டை யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கோர்ட்டு, கேஸ் என்று தொடங்கி, கடைசியில் தேர்தலிலேயே குதித்துவிடுகிறார். நம் வீட்டில் டி.வி.யில் போடும்போதெல்லாம் பிள்ளைகள் நகர மாட்டேன் என்கிறார்கள். விறுவிறுப்புக்குக் குறைவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் ஒரு பாட்டு. அதில் ஜனங்கள் அரசாங்கம் இலவசமாய்க் கொடுத்த சாமான்களைக் கொண்டுவந்து நெருப்பில் வீசுகிறார்கள். டைரக்டரே தலையைக் காட்டி, ஒரு மிக்ஸியை வீசுவார். அப்போது ஆளுங்கட்சியாக இருந்த அ.தி.மு.க.காரர்கள் தியேட்டர் வாசலில் ஆர்ப்பாட்டம் செய்ய, படம் வந்த சில நாளிலேயே அந்தக் காட்சியை வெட்டினார்கள்.

அவர்கள் கோபம் அரசியல் கோபம். என் கோபம் வேறு. இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் ஆரம்பித்தது 2011 செப்டம்பரில். எங்கள் சாத்தாங்காட்டில் இரும்பு மார்க்கெட்டுக்கு லோடு ஏற்ற, இறக்கப் போகிற ஆண்கள் விடியற்காலையிலேயே கிளம்புவார்கள். அதற்குமுன் சாப்பாட்டுத் தூக்கு தயாராக வேண்டும். முதல் நாள் ராத்திரி ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்து மாவாட்டி, தோள்பட்டை விட்டுப்போன பெண்கள் எத்தனை பேர்! எதிர்வீட்டு அக்கா அந்தச் சின்ன கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டி விற்றே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார். மோட்டார் இரண்டு தரம் காந்திப் போச்சு, காயில் கட்டி ஓட்டினார், அது வேறு கதை. அந்தப் பாட்டைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: "ஏம்மா, எரிக்கிறவரு ஆட்டுக்கல்லுல ஒரு படி அரிசி ஆட்டிப் பாத்திருப்பாரா?"

இலவசம் கொடுத்தால் போதும், ரோடும் ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாம் நம் வரிப்பணம்தானே! ஆனால் கிரைண்டரை வாங்கிக்கொண்டவள் புத்தியையும் விற்றுவிட்டாள் என்று படம் நினைக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. படத்தில் நட்சத்திரம் வந்து கண்ணைத் திறந்துவிடும்வரை ஜனங்களுக்கு ஒன்றுமே தெரியாது. நிஜத்தில் அப்படியா இருக்கிறது?

1967 ஜனவரி 12-ம் தேதி எம்.ஜி.ஆரை எம்.ஆர்.ராதா சுட்டார். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் படத்தைச் சுவரெல்லாம் ஒட்டினார்கள். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். (அந்த ராதாவின் மகன் ராதாரவிதான் 'சர்கா'ரில் வில்லன்களில் ஒருவர் என்பது ஒரு வேடிக்கை.) ஆந்திராவில் என்.டி.ராமராவ் 1982-ல் கட்சி தொடங்கி, ஒரு வருஷத்துக்குள் முதலமைச்சராகிவிட்டார். அந்த மாதிரி முகத்துக்கு விழுந்த ஓட்டு உண்டுதான். ஆனால் நடிப்பில் யாருக்கும் இளைக்காத சிவாஜி கணேசன் 1989-ல் திருவையாற்றில் தோற்றார். கமல்ஹாசன் 2021-ல் கோயம்புத்தூர் தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார். அதே தேர்தலில் எங்கள் திருவொற்றியூர் தொகுதியிலேயே, சினிமா டைரக்டராக இருந்து கட்சித் தலைவரான சீமான் நின்றார். பிரசாரத்துக்கு வந்தபோது தெருவே திரண்டது. மொட்டைமாடியில் நின்று நானும் பார்த்தேன். எண்ணிப் பார்த்தபோது மூன்றாம் இடம்தான். ஆக, வேடிக்கை பார்ப்பது ஒரு கணக்கு, ஓட்டுப் போடுவது ஒரு கணக்கு என்று நம் ஜனங்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது.

விஜய்யும் 2024-ல் நிஜமாகவே கட்சி தொடங்கினார். எந்த நட்சத்திரம் தெருவுக்கு வந்தாலும் பார்க்கப் போங்கள், தப்பில்லை. ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்க எண்ணெய் மிதந்து, மீன்பிடி வலையெல்லாம் கறுத்துப் போனதே, அதற்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். செல்ஃபி எடுக்கிற நேரத்தில் கேட்டுவிடலாம்.

படத்தில் எனக்குப் பிடித்தது 49-பி விஷயம். நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் அழுதுகொண்டு திரும்ப வேண்டியதில்லை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் போய் அடையாளம் காட்டி, அவர் கேட்கும் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால், ஒரு வாக்குச் சீட்டுத் தருவார். அதில் குறி போட்டுக் கொடுத்தால் தனி உறையில் வைப்பார்கள். மிஷினில் அழுத்த விடமாட்டார்கள். அது சாதாரண எண்ணிக்கையில் சேராது, வழக்கு நடந்து கோர்ட்டு சொன்னால்தான் எடுப்பார்கள். படத்தில் இதை வைத்தே தேர்தலைப் புரட்டிப் போடுகிறார் கதாநாயகன். நமக்கு அவ்வளவு வக்கீல் கிடையாது! அதனால் காலையிலேயே, அடுப்பு வேலையை ஒதுக்கிவிட்டு முதல் வரிசைக்குப் போய்விடுவது உத்தமம்.

கல்யாணமாகிப் புகுந்த வீடு போன பெண்களின் பெயர் பல இடங்களில் பிறந்த வீட்டு விலாசத்திலேயே கிடக்கிறது. படிவம் 8 எழுதிக் கொடுத்தால் புது விலாசத்துக்கு மாற்றித் தருவார்கள். வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அது அடையாளச் சான்று ஆகாது. வாக்காளர் அட்டையோ ஆதாரோ முந்தானையில் முடிந்துகொண்டு போங்கள்.