புயலுக்கு முன்பே ஊராட்சியின் கைக்குச் செல்ல வேண்டியவை

மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவரான தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,

2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது, தமிழ்நாட்டின் எந்த ஊராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தும் தேர்தல் நடைபெறாததால், மன்றத்தின் அதிகாரங்களை அதன் இடத்தில் இருந்து செலுத்தும் அரசு அலுவலர்களாகிய தனி அலுவலர்களிடம் நிர்வாகம் சென்றிருந்தது. ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர்; ஓர் ஒன்றியத்தில் சராசரியாக 30க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருப்பதால், மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டு, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போன அந்நாள்களில், அத்தனை ஊர்களின் தலைமைப் பொறுப்பும் ஒருவர் தோளிலேயே விழுந்தது. வர்தா, ஒக்கி ஆகிய புயல்களும் இதே இடைவெளியில்தான் வந்து சென்றன.

சட்டம் விரும்பிய ஏற்பாடு இதுவன்று. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தில் ஆட்சியரைத் தலைவராகவும், உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதியை இணைத் தலைவராகவும் அமர்த்துகிறது. பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது, கருவிகளை ஆயத்தமாக வைத்திருப்பது, நிவாரணம், மறுவாழ்வு, மறுகட்டுமானப் பணிகளைச் செய்வது ஆகியவற்றை அதன் 41ஆம் பிரிவு உள்ளாட்சியின் கடமைகளாக வகுக்கிறது. கடமையை இவ்வளவு தெளிவாக விதித்த சட்டம், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதை அதே தெளிவோடு சொல்லவில்லை.

இந்தக் குறையின் விளைவு புயலுக்கு அடுத்த நாளே தெரியத் தொடங்குகிறது. மின்கம்பங்கள் விழுந்துவிட்டால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. தொட்டி இயக்குபவர் வாடகை ஜெனரேட்டரைக் கொண்டு மோட்டாரை ஓட்ட வேண்டும். அதற்கான வாடகைக்கும் டீசலுக்கும் ஒப்புதல் வரும்வரை ஊர் காத்திருக்க முடியாது. எந்தத் தெரு முதலில் மூழ்கும், எந்த மதகு அடைபட்டுள்ளது, எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர் தனித்திருக்கிறார் என்பனவெல்லாம் வார்டு உறுப்பினருக்கும் தூய்மைக் காவலருக்கும் தெரிந்தவை. தலைநகரில் உள்ள எந்தக் கோப்பிலும் இல்லாதவை. சேதக் கணக்கெடுப்பிலும் இந்த அறிவு இன்றியமையாதது. பட்டாவை, அதாவது நில உரிமைப் பதிவை, அடிப்படையாகக் கொண்டு பட்டியல் தயாராகும்போது, புறம்போக்கில் குடிசை போட்டவரும், வாய்மொழிக் குத்தகையில் பயிரிட்டவரும், தென்னந்தோப்பில் கூலி வேலை இழந்தவரும் விடுபடுகின்றனர். காய்க்கும் தென்னையை இழந்த குடும்பம் மீண்டும் அந்த வருவாயைக் காணப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், பட்டியலில் நேரும் பிழையின் சுமையும் அத்தனை ஆண்டுகளுக்கு நீள்கிறது.

பதினைந்தாவது நிதிக்குழு, பேரிடர் நிதியில் 20 விழுக்காட்டைத் தணிப்புக்கும், அதாவது இடர் வருமுன் பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கும், 10 விழுக்காட்டை ஆயத்தப் பணிக்கும் திறன் வளர்ப்புக்கும் பிரித்துப் பரிந்துரைத்தது. வடிகால் தூர்வாருதலும் பயிற்சியும் இவ்வகைப் பணிகளே ஆதலால், இவற்றில் ஒரு பங்கு கடலோர ஊராட்சிகளின் கணக்குக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் நேரடியாகச் செல்வது நியாயமானது. கேரளம் 2018 வெள்ளத்துக்குப் பின் ஒவ்வோர் உள்ளாட்சியும் தனக்கான பேரிடர் திட்டத்தைத் தானே வகுக்கச் செய்தது; அண்டை மாநிலத்தில் இயன்றது இங்கும் இயலும்.

எனினும், திட்டமும் நிதியும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால் மட்டுமே பொருள் பெறும். பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என அரசமைப்பின் 243-இ பிரிவு கூறியிருந்தும், 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றன. இத்தகைய இடைவெளி இனியொருமுறை நேராதிருக்கவும், நிவாரணப் பட்டியல் ஒவ்வொன்றும் இறுதியாகுமுன் கிராம சபையில் வாசிக்கப்பட்டு, விடுபட்டோர் அங்கேயே முறையிட வாய்ப்புப் பெறவும், ஆணையத்தின் தலைவர் என்ற முறையில் முதலமைச்சர் அவர்கள் ஆணை பிறப்பிக்க வேண்டும்.