கிணற்றடியிலிருந்து அருவிக்கரைக்கு



என்னோடு படிப்பிக்கும் நண்பரின் தாயார் அச்சுவேலியில் இருக்கிறார். வயது எழுபதைக் கடந்தவர். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் போவதைக் கேள்விப்பட்டு, "தம்பி மௌலவி, நான் தண்ணியைக் குனிஞ்சு பாத்தே பழகினவள். நிமிந்து பாக்கிற தண்ணியை எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன்" என்றார்.

நியாயமான ஆசைதான். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அச்சுவேலிக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர்!

நண்பரின் குடும்பமும் சேர்ந்துகொள்ள, சுபுஹுத் தொழுகை முடிந்ததும் வேனில் புறப்பட்டோம். ஆனையிறவு, வவுனியா, தம்புள்ளை கடந்து, இரவு கண்டியில் தங்கினோம். மறுநாள் நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை வழியாகக் கொஸ்லாந்தைப் பக்கம் இறங்கினோம். பயணத்தில் ளுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கித் தொழும் சலுகை எத்தனை பெரிய உதவி என்பதைப் பெண்கள் அன்று உணர்ந்தார்கள்.

தியலும அருவியின் உயரம் 220 மீற்றர். அதைவிட உயர்ந்தது நாட்டில் ஒன்றே. அதே பதுளை மாவட்டத்திலுள்ள பம்பரகந்த, 263 மீற்றர். தியலுமவைப் பெருந்தெருவில் நின்றே பார்க்கலாம் என்பதால் முதியவர்களுக்குச் சிரமமில்லை. ஆனால் உச்சியிலுள்ள தடாகங்களுக்குப் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். பாறை வழுக்கும், மேலே மழை பெய்தால் நீர் சட்டென்று பெருகும்.

அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "இவ்வளவு தண்ணி விழுது. வாற வழியில பாத்த லயத்துச் சனத்துக்கு வீட்டில பைப் இருக்கோ?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. நாங்கள் கடந்து வந்த கொஸ்லாந்தைக்கு அருகேதான் மீரியபெத்தைத் தோட்டம். 2014 அக்டோபர் 29 காலை, மழையில் ஊறிய மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள் எங்கே போவார்கள்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் மலைநாட்டில் மண் சரிந்து பலர் மாண்டார்கள்.

சகோதரிகளே, வீடிழப்பது நமக்குப் புதிதல்ல. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, கையில் கிடைத்ததோடு நடந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். அந்த வலியை அறிந்தவர்கள் அருவியை மட்டும் பார்த்துவிட்டு வரலாமா?

போய் வாருங்கள், மழைக்காலம் தவிர்த்து, பாதை நிலவரம் விசாரித்துப் போங்கள். அருவிப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது மீரியபெத்தையையும் சொல்லுங்கள். மழை கொட்டும் இரவுகளில், மலையடியில் உறங்கும் அந்த மக்களையும் உங்கள் துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.