சிலோன் என்னும் அடைமொழி

2018இல் சென்னையில் மறைந்த ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யைத் தரமற்ற துள்ளிசையென ஒதுக்கும் விமர்சகர் இன்றும் உளர். போர்த்துக்கேயரும் காப்பிரிகளும் இலங்கைக் கரையில் விட்டுச்சென்ற பைலாத் தாளத்தில் சிங்களமும் தமிழும் கலப்பது தூய்மைவாதியின் செவிக்குக் கசக்கலாம். இரு மொழிக்கும் நடுவே வாழும் டிக்கோயாத் தோட்டத்தாருக்கு அது கசக்க நியாயமில்லை. குறை தேடுவோர் அதனைக் கேட்டவரிடத்தே தேடுவது நன்று.

1970களில் அப்பாடல் கடல் கடந்தது. தமிழகம் அதனை அள்ளி அணைத்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்திலும் அது ஏறிற்று. பாடகர் பெயரின் முன்னே ‘சிலோன்’ ஓர் அணியாயிற்று.

அதே ஆண்டுகளில் அதே கடலை வேறு சிலரும் கடந்தனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் பங்கென எண்ணி வைத்தது. எண்ணியவர் அம்மக்களின் விருப்பத்தைக் கேட்டாரல்லர். அட்டன் நிலையத்தில் அவர்களை ஏற்றிச்சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோரையும் தமிழகம் ‘சிலோன்காரர்’ என்றே அழைத்தது. அங்கே அச்சொல் அந்நியர் என்னும் முத்திரையாயிற்று. நீலகிரிக்குச் சென்றோர் அங்கும் கொழுந்தே பறித்தனர்.

பாட்டை வரவேற்ற கைகள், அந்தப் பாட்டின் நாட்டிலிருந்து வந்த தொழிலாளியை ஏன் அவ்வாறு வரவேற்கவில்லை? கலப்பிசையைக் கண்டிக்கும் பேனாக்கள் இவ்வினாவைத் தொட்டதுண்டோ?