அரிசியில் எழுதிய எழுத்து

விஜயதசமியன்று எனக்கு ஏடு தொடக்கியபோது, தாம்பாளத்திற் பரப்பிய அரிசியின்மீது என் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவித்தார் எங்கள் ஆசிரியர். அது 1950ஆம் ஆண்டளவில். அவ்வரிசி பெரும்பாலும் கூப்பன் அரிசியாகவே இருந்திருக்கும். அக்காலத்தில் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியிற் பாதிக்கு மேற்பட்டதைப் பிறநாடுகளிலிருந்தே வருவித்தது. 1952இற் சீனத்துக்கு இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற உடன்படிக்கை செய்ததும் அந்நெருக்கடியினாலேயே.

‘அறிவுப் பொருளாதாரம்’ என்னும் தொடர் இந்நாளில் மேடைதோறும் முழங்குகின்றது. அதனைக் கேட்டவுடன் கணினியையும் கண்ணாடி மாளிகைகளையுமே பலர் எண்ணுகின்றனர். எம் நாட்டில் அதற்குச் சிறந்த சான்று சேற்று வயலிலேயே கிடைத்தது என்பதை அவர்கள் அறியார். குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில், உள்ளூர் முருங்காக்காயன் நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லையும் கலந்து எச்-4 என்னும் புதிய இனத்தை ஆராய்ச்சியாளர் உண்டாக்கினர். 1950களின் இறுதியில் அது உழவர் கைக்கு வந்தது. பின்னர் பிஜி என்னும் எழுத்துக்களைத் தாங்கிய இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. ஹெக்டேயருக்கு ஒன்றரைத் தொன் அளவில் விளைந்த நெல், இன்று நல்ல ஆண்டில் நான்கு தொன்னைத் தாண்டுகின்றது. நீர்ப்பாசனமும் உரமும் துணைநின்றன என்பது மெய்யே. ஆயினும் அவற்றை ஏற்றுப் பலன் தரும் விதையை அறிவே தந்தது. (மொட்டைக்கறுப்பன் சோற்றின் சுவை இவற்றுக்கு உண்டா என்று என் பாட்டியார் கேட்டிருப்பார். இல்லை என்றே சொல்லவேண்டும்.)

இவ்வெற்றி விஞ்ஞானி ஒருவரின் மேசையில் முடிந்துவிடவில்லை. விதையைப் பெருக்கினோர், ஊர் ஊராய்ச் சென்ற விவசாயப் போதனாசிரியர், ஒரு துண்டு வயலிற் பரீட்சித்துப் பார்த்த கமக்காரர் ஆகிய எல்லோரும் அச்சங்கிலியின் கண்ணிகள்.

அச்சங்கிலியை ஒரே ஆணையால் அறுக்கலாம் என்பதையும் நாம் கண்டோம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழுமென்று விவசாய அறிஞர் பலர் எச்சரித்தனர், கேட்பாரில்லை. நவம்பரில் தடை நீங்கிற்று. அதற்குள் பெரும்போகம் பழுதாயிற்று. 2022இல் மீண்டும் அரிசிக் கப்பலை எதிர்பார்த்து நின்றோம். உரத்தினால் வரும் கேட்டைப் பற்றிய கவலை பொய்யன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. சுண்ணக்கல்லின் அடியில் மழை சேர்த்துவைக்கும் நீரே எமது சீவன். தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமை மீறியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பாற்குடி மறவாத குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. ஆகவே கேள்வி சரியானதே. எக்கிணற்றில் எவ்வளவு, எப்பயிருக்கு எவ்வளவு உரம் போதும் என்று அளந்தறியாமல் விடை கூறியதே பிழை.

அளப்பதற்கு நாம் பணம் ஒதுக்குவதில்லை. தென்கொரியா தன் தேசிய உற்பத்தியில் நூற்றுக்கு நான்கிற்கு மேல் ஆராய்ச்சிக்குச் செலவிடுகின்றது. நாம் செலவிடுவதோ, நூற்றுக்கு ஒன்றிற் பத்திலொரு பங்களவே. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியால் ஏழை வீட்டுப் பிள்ளையும் வைத்தியனும் பொறியியலாளனும் ஆயினான். ஆனபின் அவனிற் பலர் கப்பலேறினர். தரப்படுத்தலும் 1983உம் யுத்தமும் துரத்தின என்பதை யார் மறுப்பார்? நானும் துரத்தப்பட்டவர்களுள் ஒருவன். முப்பதாண்டு பிறநாட்டு ஆறுகளுக்குப் பாலம் கட்டினேன். ஊரிற் கிணற்று நீரை அளக்க ஒரு நாளும் செலவிட்டேனல்லேன்.

எனவே இவ்விழா மலரிற் பழைய மாணவர் சங்கத்தின்முன் ஒரு விண்ணப்பத்தை வைக்கத் துணிகின்றேன். விழா நிதியைக்கொண்டு வாயில் வளைவு ஒன்று எழுப்புவதாகப் பேச்சு அடிபடுகின்றது. வளைவு அழகியதுதான், கொடையாளர் பெயரைப் பொறிக்கவும் இடமுண்டு. ஆயினும் அப்பணத்தில் இரசாயன ஆய்வுகூடத்தைப் புதுக்கி, நீரைச் சோதிக்கும் கருவிகளை வாங்கலாகாதா? உயர்தர வகுப்பு மாணவர் தத்தம் ஊர்க் கிணறுகளின் நீரை ஆண்டுக்கு இருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னும் தை பிறந்த பின்னும், கொணர்ந்து அளக்கட்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள விவசாய பீடத்தாரை அளவுகளைச் சரிபார்த்துத் தருமாறு வேண்டலாம்.

பெறுபேறுகள் தமிழிலேயே எழுதப்படல் வேண்டும். கிணற்றுக்குரியவர் கையில் ஒரு பிரதி கொடுபடல் வேண்டும். தமிழில் இஃது இயலுமோ என்று ஐயுறுவோர்க்கு மானிப்பாயைக் காட்டுவேன். 1847இல் இங்கு வந்த கிறீன் வைத்தியர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கு வேண்டிய நூல்களையும் தமிழாக்கினார். நைத்திரேற்றின் அளவைத் தமிழில் எழுதுவது அதனிலும் கடினமன்று.

செயற்குழு வளைவைப் பற்றித் தீர்மானிக்குமுன் இதனையும் ஆராயுமாயின், முதலாண்டுச் செலவில் என் பங்கைத் தர ஆயத்தமாயிருக்கின்றேன். முதலில் அளக்கவேண்டியது எங்கள் வளவுக் கிணறு.